தெற்குச் சுவரில் டெலிபோன்

"அலோ... அலோ... தஞ்சோங் பாகர் கிட்டங்கிங்களா?... ஐயா, சிராங்கூன் ரோடு மாட்டுக் கொட்டாயிலேருந்து வடிவேலு பேசறேன்... ஆமாங்க, கூலிதான். முதலாளி டெலிபோனுதான், அவரு வெளிய போயிருக்காரு... சேக் தாவூது ராவுத்தரைக் கூப்பிடணும். இறக்கறதுக்கு... கப்பலா? கப்பல் இல்லீங்க... மூட்டையும் இல்லீங்க கிராணியாரே, விஷம்! விஷம் இறக்கணும். என் பெண்சாதியைப் பாம்பு தீண்டிருச்சு!"

துறைமுகக் கிட்டங்கியின் குமாஸ்தாவுக்கு இறக்கு என்றால் மூட்டை. அடுப்படியில் சோற்றுப்பானை. கோயிலில், மேலே ஏறி ஆடுகிற சாமி. பாம்பு தீண்டிய வீட்டில் அந்தச் சொல்லுக்கு, மந்திரம் ஓதி விஷம் இறக்குகிற ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆளோ எங்கோ கப்பல் பலகையில் சுமையோடு நடந்துகொண்டிருந்தார். வாசலில், அறுத்த புல்லுக்கட்டின் பக்கத்தில் மங்களம் கிடந்தாள்.

"ராவுத்தரே! வந்துட்டீங்களா?... ஆமா, ஆமா, நான்தான். மங்களத்தை... நல்லபாம்பு. கெண்டைக்கால்ல... கட்டிட்டேன், இறுக்கிக் கட்டிட்டேன்... கண்ணு சொருகுது. கூப்பிட்டா 'ஊம்'ங்கறா... ஆஸ்பத்திரியில காலை வெட்டிருவான்னு வர மாட்டேங்கறாளே... ரிக்‌ஷா பிடிச்சு வந்துருங்க... என்ன? என்னையவா? என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

கேட்கத்தான் செய்வார். விஷம் இறக்குகிறவர் கடிபட்டவளை முதலில் பார்ப்பதில்லை. சேதி கொண்டுவந்த தூதனைத்தான் பார்ப்பார். எந்தக் காலை ஊன்றி நின்றான், எந்த நாசியில் மூச்சு ஓடியது, எந்தத் திசை பார்த்துச் சொன்னான். தூதன் சகுனம் சரியில்லையென்றால் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். வடிவேலுவுக்கும் அதில் நம்பிக்கை உண்டு. அதுதான் வினை.

"வலது கால்ல நிக்கிறேன்... மூச்சா? ரெண்டு மூக்குலயும் ஓடுது ராவுத்தரே, ஓடியாந்தவனுக்கு எப்படி ஓடும்?... திசையா?... திசை வந்து..."

டெலிபோன் பெட்டி தெற்குச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. பேசுகிற குழல் பெட்டியோடு சேர்ந்தது. அதற்கு நேரே முகம் வைக்காமல் பேச்சு அந்தப் பக்கம் போகாது. தெற்கோ எமன் திசை. பொய் சொல்லிவிடலாம்தான். தூதன் பொய் சொன்னால் ஓதினது பலிக்காது என்பார்களே.

"...தெக்குங்க. நான் வேணும்னு நிக்கலீங்க, பெட்டி அங்கதான்... ராவுத்தரே? ராவுத்தரே, ஏன் பேச மாட்டேங்கறீங்க? எவனோ ஆணியடிச்ச சுவத்துக்கு என் பெண்சாதியா பலி?... வெச்சிராதீங்க, வெச்சிராதீங்க! இந்தா, திரும்பிக்கறேன்!"

காதுக்குழலைக் கம்பி எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு, பெட்டிக்கும் பேசுகிற குழலுக்கும் முதுகு காட்டி, வாசலை நோக்கி வடக்கே நின்றான்.

"இப்ப வடக்கு பாத்து நிக்கிறேன். மொதல்லேருந்து சொல்றேன், இதையே தூதா வெச்சுக்குங்க. மங்களத்தைப் பாம்பு... கேக்குதா?... இருக்கேன், இங்கதான் இருக்கேன்... யாரு போயிட்டா? பேசாம நின்னா அழறேன்னா அர்த்தம்? நான் பேசிட்டுத்தானே இருக்கேன்!... ஐயையோ, ராவுத்தரே, அதை எதுக்கு ஓதறீங்க? அது செத்தவங்க மையத்துக்கு ஓதறதாச்சே!... உசுரு இருக்கு! என் கண்ணு முன்னால விரலு அசையுது! நிறுத்துங்க, ராவுத்தரே, நிறுத்து..."

காதுக்குள் 'டக்'கென்றது. ராவுத்தர் வைத்துவிட்டார்.

வாசலில் மங்களம் தலையை மெல்லத் தூக்கி, வருகிறாரா என்று கேட்பதுபோல அவனைப் பார்த்தாள்.