மூணு கல்லுக்கு வச்ச பேரு

இல்ல சார், நான் நிக்கிறேன். உக்காந்தா இவன் முழிச்சுக்கிருவான். முழிச்சான்னா உங்க பள்ளிக்கூடத்தையே ரெண்டாக்கிருவான். பொறந்து மூணு மாசந்தான் ஆகுது, தொண்டை மட்டும் கங்காணி தொண்டை. நீங்க எழுதுங்க. பொறப்பு எழுதுற காயிதத்த நாளைக்கே பஞ்சாயத்து ஆப்பீசுல குடுக்கணுமாம்.

ஊரு உடும்பஞ்சோலைன்னே போடுங்க. ஏலத்தோட்டத்து லயம், ஆறாம் நம்பரு. தாயார் பேரு பூமாரி. பிள்ளை பேரா? சொல்றேன், அதுக்கு என்ன அவசரம். மத்தத எழுதுங்க.

ஒண்ணு கேக்கணும் சார். எம்மக முத்துப்பேச்சிட்ட நேத்து வகுப்புல வானத்துக் கல்லப் பத்திச் சொன்னீகளாமே. சோறு திங்காம அதையே பேசுது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல கல்லுக சுத்துதாம். நடுவுல புதன்தானடி வரும்னேன், தலையில அடிச்சுக்கிட்டா. சிரிக்காதீக. அதுல மூணு கல்லுக்கு, ராக்கெட்டுல மேல போன மூணு ரஷ்யாக்காரவுக பேரு வச்சிருக்காமே. அந்தக் கல்லுகளக் கண்டுபிடிச்சது பொம்பளைகதான்னா. நெசமாவா? ஒரே எடத்த ரெண்டு தரம் படம் பிடிச்சுப் பாத்தாகளாம், நச்சத்திரமெல்லாம் நின்ன எடத்துல நிக்க, ஒரு பொட்டு மட்டும் நகந்திருந்துச்சாம். பொம்பள கண்ணுக்குத் தப்புமா? ஏலக்காயில கல்லுப் பொறுக்குற கண்ணு எங்களுக்கும் இருக்கு, கல்லுக்குப் பேரு வைக்கத்தான் தெரியாமப் போச்சு.

பாத்த உடனே பேரு வச்சிர மாட்டாகளாம்ல. போற பாதையக் கணக்குப் போட்டு, சொன்ன எடத்துக்குத் திரும்ப வருதான்னு பாத்து, நம்பரு குடுத்து, பெறகுதான் பேராம். சூரியன ஒரு சுத்துச் சுத்த மூணு வருசத்துக்கும் மேலயா? ஆத்தாடி. கண்ணுல படாதப்பவும் அது இப்ப எங்க இருக்குன்னு சொல்லிருவாகளா? பாக்காமலேவா?

அம்புட்டுத் தூரத்துக் கல்லுக்குப் போற வழி தெரியுது சார். எங்க வீட்டுக்காரவுக கம்பம்மெட்டுலேருந்து கம்பத்துக்குத்தான எறங்குனாக, பத்து மைலு இருக்குமா? ஆடி மழை, பஸ்ஸு ஓடல. தங்கச்சியப் பாத்துட்டு மறுநாளே வந்துர்றேன்னு குறுக்குப் பாதையில நடந்துட்டாக. அங்கயும் போய்ச் சேரல, இங்கயும் திரும்பல. ஏழு மாசமாச்சு. அப்ப இவன் வயித்துல அஞ்சு மாசம்.

மாமியா இன்னும் அவுகளுக்கும் சேத்துத்தான் ஒல வைக்குது. ஊரே தேடி ஓஞ்சிருச்சு, அது ஓயல. பிள்ளைக்குத் தாத்தா பேரு பெரியமுத்துன்னுதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. எங்க வழக்கம் அப்பிடி சார். அப்பன் இருந்தா மூத்த பையனுக்குத் தாத்தா பேரு. பிள்ளை பொறக்கு முன்ன அப்பன் போயிட்டாத்தான் அப்பன் பேரு. தாத்தா பேர வச்சுட்டா மகன் இருக்கான்னு ஆயிரும், அதுக்கு அம்புட்டுத்தான் வேணும். நானும் இத்தன நாளா சரி சரின்னுதான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.

அந்த மூணு பேரு சார். மேல நல்லாத்தான் இருந்தாகளாம், எறங்கி வர்ற வழியில அவுக இருந்த கூண்டுலேருந்து காத்து வெளியேறிப் போச்சாமே. கீழ வந்து கதவத் தொறந்தா, காயம் ஒண்ணுமில்லாம உக்காந்தபடிக்கே இருந்தாகளாமே. முத்துப்பேச்சி சொல்றப்ப நான் அடுப்ப ஊதிக்கிட்டு இருந்தேன். ஊதுறத விட்டுட்டேன். அவுக வீட்டுப் பொம்பளைகளுக்கு மொகத்தப் பாக்கவாவது கெடச்சுச்சுல்ல. கல்லுக்குப் பேரு வச்சது அதுக்குப் பெறகுதான? அதான் கேட்டேன்.

ஆமா, பிள்ளை பேரு ஒண்ணுதான் பாக்கி. சொல்றேன். மாமியாட்ட மட்டும் இப்பச் சொல்லிராதீக, நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். முந்தாநாளு ராக்கப்பண்ணன் வெறகுக்குப் போன எடத்துல, ஓடைக்குக் கீழ பாறை இடுக்குல ஒரு பச்சைப் பெல்ட்டு கெடந்துச்சுன்னு கொண்டாந்தாரு. எங்க வீட்டுக்காரவுக பெல்ட்டுல காசு வைக்கிற பையி கிழிஞ்ச எடத்துல நான் கறுப்பு நூல் போட்டுத் தச்சிருந்தேன், அந்தத் தையல் அப்படியே இருக்கு. பெல்ட்டு மட்டும் இல்ல தாயி, நீ அங்க வரவேண்டாம்னாரு. அவரே மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்காரு.

தகப்பனார் பேரு அழகுமலை. பிள்ளை பேரும் அதான்.

இல்ல சார், தப்பாச் சொல்லல. ரெண்டு கோட்டுலயும் அழகுமலைன்னே எழுதுங்க.