சிவப்புப் பக்கம்

“ஒண்ணு கேக்கணும். கேட்டா கோச்சுக்குவீங்க,” என்றாள் சிந்துஜா.

“எனக்கு எப்ப கோவம் வந்திருக்கு? கேளு.”

“வேணாம், அப்புறம் கேக்கறேன். மொதல்ல இந்தப் படத்தப் பாருங்க. முந்திரி மாதிரியா இருக்கு? மூட்டுவலி மாத்திரை மாதிரி இருக்கு.”

இரண்டு வருடத்துக்கு முன்பு, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டது இது. அவளுடைய முந்திரி வியாபாரத்துக்கு நான் இணையதளம் செய்து கொடுத்த நாள். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், குடும்பநல ஆலோசகர் மேடம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் அருள்முருகன். கடலூரில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் வேலை. என் மனைவி சிந்துஜா பண்ருட்டியில் முந்திரி வாங்கி, தரம் பிரித்து, பரிசுப் பெட்டிகளில் அடுக்கி, பண்டிகைக்குக் கம்பெனிகளுக்கு விற்றாள். சிதம்பரத்திலிருந்து அவள் தங்கை வந்து உதவுவாள்.

முதல் தீபாவளிக்கே நன்றாகப் போனது. என் ஆபீஸ் விழாவில் மேலாளர் என்னை, “இவர்தான் முந்திரி மேடத்தோட வீட்டுக்காரர்” என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அவர் அதை மூன்று முறை சொன்னார். எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் சிந்துஜாவுக்குப் போன் செய்தாள். “மேடம், உங்க சைட்ட எங்க ஆபீஸ்ல தொறந்தா செவப்பா வருது. ஆபாசத் தளம்னு போட்டிருக்கு. மானேஜர் என்னைப் புடிச்சித் திட்டுறாரு.”

பெரிய ஆபீஸ்களில் ஃபயர்வால் என்று ஒரு காவல் உண்டு. கெட்ட தளங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அது தடுக்கும். நம் வீட்டுப் போனில் திறக்கும் தளம் அங்கே திறக்காது. இதையெல்லாம் சிந்துஜாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்தால் சரியாகிறதோ அதைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடி கெட்டால் அதுதான் கோளாறு.

நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல மாணவி.

படங்களை எடுத்தோம். பணம் கட்டும் பக்கத்தை எடுத்தோம். தினமும் சாயங்காலம் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். காபி ஆறிப்போனால் வேறு கொண்டுவருவாள். “நீங்க இல்லன்னா நான் என்னங்க பண்ணுவேன்?” என்பாள். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. பதினைந்தாம் நாள் தளம் திறந்தது. அன்று கேசரி செய்தாள். மறுநாளிலிருந்து போனும் கையுமாகிவிட்டாள்.

அந்தப் பட்டியலில் ஒரு தளத்தை ஏற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆதாரம் இருந்தால் போதும். அவள் தளத்தில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பக்கத்தைச் சேர்த்து, எழுதக் கூசும் சொற்களை நிரப்பி, நான்தான் விண்ணப்பித்தேன். சூதாட்டம் என்றும் சொல்லியிருக்கலாம். ஆபாசம் என்றால் சீக்கிரம் ஏற்றுவார்கள். பிறகு அந்தப் பக்கத்தை நீக்கி, தளம் நல்லது என்று இன்னொரு விண்ணப்பம். முதல் மூன்று முறை இப்படி. புதிதாக ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது என்று அவள் வந்து சொன்ன பிறகுதான் ஒவ்வொரு முறையும் செய்தேன்.

மூன்றாம் முறை அவள் தங்கைக்கு வரன் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் ஆபீஸ் வேலை. வருங்கால மனைவியின் அக்கா வியாபாரத்தைக் காட்டலாமென்று நண்பர்களைக் கூப்பிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறான். சிவப்புப் பக்கம். இரண்டே நாளில் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அக்கா நடத்தும் தொழிலைப் பற்றி சிதம்பரம் முழுக்கப் பேச்சு. என் மாமனார் ராஜமாணிக்கம் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளையின் ஆபீஸிலும் அதே பட்டியல்தான் என்று எனக்கு முன்பே தெரியும். அவனுக்காக நான் திறந்துவிட்டிருந்தால் எல்லோருக்கும் திறந்திருக்கும். அன்றைக்கு சிந்துஜா என் மடியில் படுத்து அழுதாள். விடிய விடியத் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு பொங்கலுக்கு ஒரு கம்பெனி கேட்டது. அவள் என்னிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் தளம் எல்லா ஆபீஸிலும் திறந்தது. ஒருநாள் சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அதிலிருந்து ஐந்தாம் நாள் சிவப்புப் பக்கம் வந்தது. என்னை எடுத்துப் பார்த்திருக்கிறாள். திரும்ப வைத்தும் பார்த்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் சிதம்பரம் போனேன். மாமாவும் தங்கையும் கூடத்தில் இருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அதற்கும் நான் கோபப்படவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சிந்துஜா கேட்பாள் என நினைத்தேன். எதிரில் நின்று வேறொன்று கேட்டாள். அதை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு கோளாறு வந்தால் அவள் யாரிடம் போவாள்? நீங்களே சொல்லுங்கள் மேடம்.

“அன்னிக்கு மேசையில கேக்காம விட்டது இதான்,” என்றாள். “என் சைட்டோட பாஸ்வேர்ட என்கிட்ட குடுத்துடுங்க.”