நூறு பனியனுக்கு எத்தனை வெட்டணும்?

நல்லம்மாள்: ஏனுங்க, இன்னுமா கம்பெனிய உட்டுக் கெளம்பல? தோசைக்கல்லு காஞ்சுட்டுக் கெடக்குது.

ராசப்பன்: போனை வையி, நல்லம்மா. உனக்குத்தான் டவுன்லோடு ஆகுது. மூணாம் வகுப்புக் கணக்கு, ஒம்போது பக்கம்.

நல்லம்மாள்: போன வாரம் உங்க வெப்சைட்டு குடுத்த கணக்குக்கு ஹெச்.எம். செவப்பு மையில வட்டம் போட்டுட்டாரு.

ராசப்பன்: ஏன்? எந்தக் கணக்கு?

நல்லம்மாள்: நூறு பனியனுக்கு ஆர்டர், எத்தனை வெட்டணும்? விடை நூத்தி அஞ்சாமா!

ராசப்பன்: அதுல என்ன தப்பு? வெட்டித் தைக்கறப்போ அஞ்சு டேமேஜ்ல போயிருமில்ல?

நல்லம்மாள்: ஓ... வெப்சைட்டுக்காரனுக்கு டேமேஜ் எல்லாம் தெரியுமாக்கும்?

ராசப்பன்: படிச்சவனா இருப்பான்... உனக்கு பாடக்குறிப்பு எழுதற நேரம் மிச்சமாகுதா இல்லியா? அதச் சொல்லு.

நல்லம்மாள்: எனக்கு மிச்சமாகுதுங்க. உங்களுக்குத்தான் ஊட்டுக்கு வர நேரமாகுது.

ராசப்பன்: அஞ்சு பக்கம் பிரிண்ட் ஆயிருச்சு. மீதி நாளைக்கு எடுத்துக்கறேன். வண்டிய எடுத்துட்டேன்னு வெச்சுக்க. ரெண்டு தோசை போதும்.

* * *

சிவசுப்பிரமணியம்: அக்கா... சொல்லியனுப்பியிருந்தா நானே சாமளாபுரம் வீட்டுக்கு வந்திருப்பேன்ல? கம்பெனிக்கு நீங்க அலையணுமா? உக்காருங்க.

நல்லம்மாள்: இருக்கட்டும் தம்பி. நேத்துத்தான் திரும்ப ஸ்கூலுக்குப் போனேன். நீங்கதானே இங்க கம்ப்யூட்டர் பார்க்கறது?

சிவசுப்பிரமணியம்: ஆமாங்கக்கா.

நல்லம்மாள்: லாரி மோதுன அன்னிக்கு அவரு பையில அஞ்சு பக்கம் இருந்துச்சு. மீதி நாலு பக்கம் வேணும். இந்தக் கம்ப்யூட்டரை அழிச்சு வேற ஆளுக்குத் தரப்போறாங்கன்னு சொன்னாங்க... அதான் ஓடியாந்தேன்.

சிவசுப்பிரமணியம்: அது... நெட்டுலருந்து எடுக்கறதுங்கக்கா.

நல்லம்மாள்: எடுத்துக் குடுங்க. இல்லாட்டி வெப்சைட்டு பேரைச் சொல்லுங்க, பல்லடத்துல பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்துக்கறேன்.

சிவசுப்பிரமணியம்: அந்த வெப்சைட்டை... மூடிட்டாங்கக்கா.

நல்லம்மாள்: அடடே. எப்போ?

சிவசுப்பிரமணியம்: போன மாசம். ஏழாந்தேதி வாக்குல...

நல்லம்மாள்: அவரு போனதும் ஏழாந்தேதிதான் தம்பி.

சிவசுப்பிரமணியம்: அது வந்துங்கக்கா...

நல்லம்மாள்: தண்ணி குடிச்சுட்டுச் சொல்லுங்க.

சிவசுப்பிரமணியம்: மன்னிச்சுக்கங்கக்கா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. மொதல் வாரம் நெசமாவே நெட்டுல தேடுனோம். எல்லாம் வெள்ளக்காரங்க பாடம். பனியை உருட்டி பொம்மை செய்யுங்கன்னு இருந்துச்சு. இது நம்ம பிள்ளைகளுக்கு ஆகாதுன்னுட்டு, அண்ணனே உக்காந்து அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டே வெரல்ல. கட்டிங் செக்‌ஷன் வேலை முடிஞ்சதுக்கப்புறம், தெனமும்.

நல்லம்மாள்: எங்கிட்டச் சொன்னா என்னவாம்?

சிவசுப்பிரமணியம்: பத்தாவது ஃபெயிலானவன் எழுதுனதப் பார்த்து ஒரு டீச்சர் பாடம் நடத்துவாளாடான்னு கேட்டாரு. மீதி நாலு பக்கம் எங்கயும் இல்லீங்கக்கா. அவரு இன்னும் அடிக்கவே இல்ல.

நல்லம்மாள்: அடிக்கவே இல்லியா...

சிவசுப்பிரமணியம்: அழுகாதீங்கக்கா.

நல்லம்மாள்: திங்கக்கெழமை சாப்பிடறப்போ, என் வகுப்புக் கருத்தம்மாவுக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரலைங்கன்னு சொல்லுவேன். வெள்ளிக்கெழமை வெப்சைட்டுல அதே பாடம் வந்துரும். எந்தூர் வெப்சைட்டு தம்பி அது?

சிவசுப்பிரமணியம்: அப்போ... உங்களுக்குத் தெரியுமா?

நல்லம்மாள்: ரெண்டாவது வாரமே.

சிவசுப்பிரமணியம்: ஏனுங்கக்கா கேக்கல?

நல்லம்மாள்: கேட்டா கூச்சப்பட்டு நிறுத்திருப்பாரு.

சிவசுப்பிரமணியம்: அந்த நூத்தி அஞ்சு கணக்கு... அதையாச்சும் அண்ணனை மாத்தச் சொல்லியிருக்கலாம். ஹெச்.எம். வட்டம் போட்டாருன்னு அண்ணன் சொன்னாரே?

நல்லம்மாள்: நான் இல்லாதப்போ ஹெச்.எம். தானே வகுப்புக்கு வந்து நூறுன்னு எழுதிப் போட்டு நடத்தினாராம். நேத்து நான் கேட்டேன், நூறு பனியனுக்கு ஆர்டர், எத்தனை வெட்டணும்னு. முப்பத்தெட்டு பிள்ளைகளும் நூத்தி அஞ்சுன்னுதான் சொல்லுச்சுங்க.