பழைய இழை ஒன்று

பட்டாசு வெடித்தபோது நான் ஒரு பக்கக் கன்னத்தைத்தான் மழித்திருந்தேன். தோட்டத்துக் கீழ் லயத்து வீடுகள் பக்கமிருந்து வந்த சரவெடிச் சத்தம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு அன்று காலை வெளியாகியிருந்தது. ஆகவே மற்றக் கன்னத்தை அவசரமில்லாமல் மழித்து முடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தேன். மாலையோடு வருகிறவர்களை வீட்டில் கட்டுகிற சாரத்தோடு வரவேற்பது மரியாதையில்லை.

பாஸான என் மாணவனும் தாயும் வந்தபோது பின்னேரமாகிவிட்டது. கொண்டுவந்தது மாலை இல்லை, கேக்கில் மிஞ்சிய ஒரு துண்டு.

சார்ஜன்ட் றம்ஸான், இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். கேக்கில் தொடங்கவில்லை. நான் அவ்வளவு அற்பமானவன் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிவித்திகலவிலிருந்து பெல்மதுளை வரை, உயிரியலைத் தமிழில் படிக்கிற பிள்ளைகளிடம் இந்திரகுமார் சேர் என்றால் போதும். பெல்மதுளைச் சந்தியில் அஸீஸ் நானாவின் சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. என் பெயர் சொல்லும் பாடம் புரதத் தொகுப்பு. டி.என்.ஏ. என்பது தோட்டத்துத் தொரை பங்களாவில் பூட்டி வைத்திருக்கிற பெரிய புத்தகம். அதை வெளியே கொண்டுபோக எவருக்கும் அனுமதி இல்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு துண்டில் பிரதி எடுத்துக் கீழே அனுப்புவார்கள். அந்தத் துண்டுதான் ஆர்.என்.ஏ. அது போய்ச் சேருகிற தேயிலை ஃபெக்டரிதான் ரைபோசோம். அங்கே கொழுந்துக் கூடையோடு ஆட்கள் வரிசையில் வருவார்கள். துண்டில் எழுதியிருக்கிற ஒழுங்கில் ஒவ்வொரு கூடையாக இறக்கிக் கோர்த்தால் புரதம் தயார். இதை நான் சொல்லும்போது பின் வரிசைப் பிள்ளைகள்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அதை நான் ஆர்வம் என்றே எடுத்துக்கொண்டேன்.

தினேஷும் அந்த வகுப்பில் இருந்தவன்தான். தகப்பன் இல்லை, தாய் ஜீவராணி கொழுந்து எடுக்கிறவள். எங்கள் தோட்டத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குத் தெரிவான முதல் பிள்ளை. கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் தொரைக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. தினேஷ் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“புரதத் தொகுப்பு எனக்கு மண்டையில ஏறவே இல்லீங்க. மட்டக்களப்புல ஒரு மிஸ் ஃபோன்ல ஃப்ரீயா க்ளாஸ் எடுக்குறாங்க. அவங்க சொல்லித்தான் ஏறிச்சு. எங்க சேரோட ஃபெக்டரிய நெனச்சா சோதனை மண்டபத்துல கொழுந்து வாசம்தான் வருது, விடை வரல.”

மண்டபமே சிரித்தது. தமிழ் அரைகுறையாகத் தெரிந்த தொரையும் பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் சிங்களத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லோரும் ஓய்ந்த பிறகு தனியாக ஒரு தடவை சிரித்தார். நானும் சிரித்தேன். விழாவில் எடுத்த படத்தில் பார்க்கலாம். இறங்கியதும் பையன் ஓடிவந்தான்.

“கோவமா சேர்? சும்மா தமாசுக்குச் சொன்னேன்.”

“சேச்சே,” என்றேன்.

டி.என்.ஏ. தன்னை எப்படி இரட்டிக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முறுக்கிய ஏணி மாதிரி இருக்கிறது அது. அந்த ஏணியை நடுவால் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் எதிர்ப் பாதியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆகவே எந்தப் புதிய பிரதியிலும் பழைய இழை ஒன்று கட்டாயம் இருக்கும். சேற்றில் நெளிகிற பக்டீரியாவுக்குக்கூட அந்த நன்றி உண்டு. நானும் அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். உருவாகப்போகிற டொக்டருக்குள் என்னுடைய இழை ஒன்று. அவனோ முழு ஏணியையும் ஃபோனிலிருந்து இறக்கிக்கொண்டதாக ஊருக்கு அறிவித்துவிட்டான். அறிவியலுக்கே பொருந்தாத பேச்சு. அதைத் திருத்துவது ஆசிரியரின் கடமை.

பல்கலைக்கழகம் கூப்பிட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வீட்டில் இருக்க மனமில்லாமல் தினேஷ் மாணிக்கக் குழியில் இறங்கினான். குழித் தண்ணீரும் எலிக்காய்ச்சலும் பற்றி இரத்தினபுரிப் பொலிஸ்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலியின் சிறுநீரிலிருந்து தண்ணீருக்கு வருகிற சுருள் பக்டீரியா, காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் உள்ளே போய்விடும். குழிக்கு இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்ளின் கொடுப்பார்கள், வாரத்துக்கு ஒரு வேளை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. ஐயா எங்கள் தோட்டத்துக்கான மருந்தை என்னிடம் ஒப்படைத்திருந்தார். எனக்குச் சிங்களமும் தெரியும், விஞ்ஞானமும் தெரியும் என்பதால். சம்பளமில்லாத சேவை. அதையும் எழுதுங்கள்.

அந்த மருந்து பக்டீரியாவைக் குத்துவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. அதனுடைய ஃபெக்டரி வாசலில், கூடை இறக்குகிற இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கூடைகள் வந்து நிற்கும், இறக்க இடமிருக்காது. புரதம் இல்லாமல் பக்டீரியா பெருகாது. நம்முடைய ஃபெக்டரியின் அமைப்பு வேறு. ஆகவே நமக்கு அவ்வளவாகத் தொந்தரவில்லை. இப்போது நீங்களே தலையாட்டினீர்கள். விளங்கிவிட்டது, இல்லையா? கொழுந்து வாசம் ஏதும் வந்ததா?

தினேஷுக்குரிய கெப்சியூல்களை மட்டும் நான் திறந்து மருந்தைக் கொட்டினேன். பதிலுக்குக் கோதுமை மா போட்டிருக்கலாம். சேறு சுமக்கிற பையன், கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று குளுக்கோஸ் போட்டேன். எனக்கு அவன்மேல் வன்மம் இருந்தது என்று சொல்லப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

நான் எதிர்பார்த்தது ஒரு சாதாரணக் காய்ச்சல். பையன் படுத்திருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று ஃபெக்டரியை வைத்து ஆறுதலாக விளக்குவேன். ‘இப்பத்தான் சேர் விளங்குது’ என்பான். அதற்குமேல் எனக்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை.

ஞாயிறு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மருந்து கொடுப்பேன். குழிக்குப் போகிறவர்களில் மூத்தவரான சுரேந்திரன் ஒவ்வொரு தடவையும் முறையிடுவார்.

“என்ன சேர் மருந்து இது, நெஞ்சுக்குள்ள அம்மி வெச்சு மொளகா அரைக்குது.”

“எனக்கு ஒண்ணுமே செய்யலியேண்ணே,” என்பான் தினேஷ். “நீங்க மருந்துக்கு முன்னால வேற எதையாச்சும் ஊத்தியிருப்பீங்க.”

“டொக்டராகுறதுக்கு முந்தியே கண்டுபுடிக்கிறான் பாரு,” என்று அவர் அவன் முதுகில் தட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். வயசுப் பையன், தாங்குகிறான் என்று நான் விளக்கம் கொடுத்தேன்.

மழை பிடித்தது. குழிகளில் தண்ணீர் ஏறியது. ஒரு நாள் ஜீவராணி என் வீட்டுக்கு வந்து, பையனுக்குக் காய்ச்சல் என்றும், கெண்டைக்காலைத் தொடவிடாமல் கத்துகிறான் என்றும் சொன்னாள். உடனே போனேன். கண்கள் சிவந்திருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இது சத்தியம்.

“எலிக்காய்ச்சலா இருக்குமோ சேர்?” என்றாள் ஜீவராணி.

“நான்தான் ஒழுங்கா மருந்து எடுக்குறேனேம்மா,” என்று அவன் பாயிலிருந்தபடி ஃபோனை எடுத்தான். “இங்க பாரு. அந்த மருந்து எங்க போய் ஒட்டிக்குதுன்னு மிஸ் படம் போட்டே காட்டியிருக்காங்க. அழகா இருக்குல்ல? நீங்களும் பாருங்க சேர்.”

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஃபெக்டரி எதுவும் அதில் இல்லை.

“சேர் சொல்லுங்களேன் அம்மாவுக்கு,” என்றான்.

சொன்னேன். “மருந்து எடுக்கிறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு, ஜீவராணி. ஒடம்பு அலுப்பா இருக்கும். கஞ்சி குடுங்க.” சார்ஜன்ட், நீங்கள் எந்த டொக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்தைப் பற்றி நான் சொன்ன வார்த்தையில் ஒரு பிழை கிடையாது. கஞ்சியும் நல்லதுதான்.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் நின்றுவிட்டது. டொக்டர்மார் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பாடத்தை விளங்கிக்கொள்ளக்கூடிய நிலைமையில் அவன் இருக்கவில்லை.

மரண வீட்டுக்கு நானே பெனர் அடித்தேன். அவன் படம் பெரிதாக, என் படம் ஓரத்தில் அளவாக. இரங்கல் உரையும் என்னுடையதுதான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அஸீஸ் நானா மேல்மாடியில் பிள்ளைகள் உட்காரக் கூடுதலாக வாங்கு போட வேண்டி வந்தது.

காரியம் முடிந்த கிழமை ஜீவராணி மறுபடி வந்தாள். கையில் என்னுடைய மருந்து உறை. கடைசியாகக் கொடுத்தது. பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் விழுங்காமல் வைத்திருக்கிறான்.

“சேர், மருந்துக்கு எறும்பு வருமா?”

“மழைக்காலம்தானே. கெப்சியூலோட கூட்ட மாட்டெலும்புப் பசையில செய்றாங்க. அந்த வாசத்துக்கு வரும்.”

“அப்படீங்களா,” என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சுரேந்திரன் அண்ணன் வீட்லயும் போய்ப் பாத்தேங்க. அவங்க சீனி டப்பாவுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்காங்க. எறும்பு சீனிக்குத்தான் போவுது, மருந்துகிட்ட எட்டியும் பாக்கல. ரெண்டுலயும் ஒவ்வொண்ண ஒடைச்சு நாக்குல வெச்சுப் பாத்தேன். அவங்களோடது கசக்குது சேர். எம்புள்ளையோடது இனிக்குது.”

“உறைய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. கொழும்புக்கு அனுப்பிப் பாப்போம்.”

“இது வெறும் உறைங்க. மருந்தப் பீ.எச்.ஐ. மாத்தயாகிட்ட குடுத்துட்டேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். எம்புள்ள உங்க பேச்சக் கேட்டுத்தானே படுத்திருந்தான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் தயவுசெய்து சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள். என் பேச்சைக் கேட்டான் என்று அந்த வீட்டில் ஒருவராவது ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே, மருந்தை மாற்றியது நான். காய்ச்சல் என்னவென்று தெரிந்தும் அவனை வீட்டில் படுக்க வைத்தது நான். ஆனால் அவனைக் கொன்றது பக்டீரியா. அதன் ஃபெக்டரியை நான் மூடாமல் விட்டேன், அவ்வளவுதான். சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அது என் பாடம் இல்லை.

சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதி முடித்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். நல்ல மனிதர், ஓர் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“கையெழுத்துக்கு முந்தி ஏதும் திருத்த இருக்கா மாஸ்டர்?”

“எல்லாம் சரியா இருக்கு. ‘இறந்தவர் தினேஷ்’னு மொட்டையா போட்டிருக்கீங்க, அதுக்கு முன்னால ‘இந்திரகுமார் சேரிடம் படித்த’ன்னு மட்டும் சேர்த்துடுங்க.”