ஈரப் பாறைக்கு ஏற்ற ஷூ

மழைக்காலத்தில் மலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது காலில் போட்டிருப்பதைத்தான், ஐயா. வழிகாட்டியாகப் பத்தொன்பது வருடப் பழக்கம். முகத்தைப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

என் தங்கை புருஷனுக்குப் பாறை ஏறுவதென்றால் பைத்தியம். பால் பொங்குவதற்குள் கதவு நிலையில் விரல் நுனியால் பத்து முறை தொங்கி எழுவார். வெயிலில் காய்ந்த செங்குத்துப் பாறை, இடுப்பில் பெல்ட், அதில் கட்டிய கயிறு, கீழே அதைப் பிடிக்க ஓர் ஆள், இதுதான் அவருக்குத் தெரிந்த மலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் தங்கை ஏறினாள், கயிற்றை அவர் பிடித்திருந்தார். அவள் விழுந்து செத்தாள். "கை நழுவிடுச்சு" என்று விசாரணையில் சொன்னார். நான் அவரைத் திட்டவில்லை. வெறுத்தேன். சாப்பிடும்போதும் வெறுத்தேன், பல் துலக்கும்போதும் வெறுத்தேன்.

போன மாதம் அவராகவே வந்து கேட்டார். "மச்சான், கயிறில்லாம மழையில மலையேறுவீங்களாமே. எனக்கும் கத்துக் குடுங்க."

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல மாப்ள. கையையும் ஊனி நடக்கிறது, அவ்வளவுதான்" என்றேன்.

பாறைக்கென்று வாங்கிய, அடி வழவழப்பான ஷூவையே போட்டு வரச் சொன்னேன். காய்ந்த கல்லில் அது பல்லி மாதிரி ஒட்டும். மழையில் கறுப்புப் பாசி படிந்த கல்லில் வைத்தால் சோப்பை மிதித்த மாதிரிதான். தூறலில் முகடு வரை நன்றாகவே வந்தார், சிரித்துக்கொண்டு. பள்ளத்தை ஒட்டிய இடத்தில், "பழுப்புக் கல்லு பேர்ந்து வரும், கறுப்புல கால் வைங்க" என்றேன். மாற்றிச் சொன்னேன். வேறொன்றும் செய்யவில்லை.

இரண்டாவது அடியில் வழுக்கினார். விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். அந்த விரல்களுக்குப் பலம் கேட்கவா வேண்டும்? கை கொடுக்கிற தூரத்தில்தான் நான் இருந்தேன். உட்கார்ந்துகொண்டு, "இப்ப சொல்லுங்க, அன்னிக்கு எப்படி நழுவுச்சு?" என்று கேட்டேன்.

"கயிறு நழுவல மச்சான். பெல்ட் அறுந்துபோச்சு. நீங்க குடுத்த பழைய பெல்ட். தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு பழியை நானே ஏத்துக்கிட்டேன். கையைக் குடுங்க."

சாகப்போகிற நேரத்திலும் பொய். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை, ஐயா. தங்கையின் சாமான்களோடு அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே எரித்துவிட்டேன், யாரும் வீணாகச் சந்தேகப்படக் கூடாதே என்று.