ஆரஞ்சு நிற விரல் நுனி

வண்ணங்கள் அலங்கோலமாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. சட்டைக்குப் பொருந்தாத சாக்ஸோடு அம்பத்தூர் எஸ்டேட்டிலுள்ள எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் வேலை ஊகிப்பது. நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் மேல் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கும். எதிரியைப் பிடிக்கும் கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கையில் சிக்கியதை அணு கொன்றுவிடும். அந்தக் கை எப்படி மடங்கியிருக்கும் என்று கணினி ஊகித்துப் படம் போடும். நிச்சயமான இடம் நீலம், சந்தேகமான இடம் ஆரஞ்சு; எவ்வளவு நிச்சயம் என்று நூற்றுக்கு மதிப்பெண்ணும் போடும். பிடிக்கிற விரல் நுனிதான் பெரும்பாலும் ஆரஞ்சாக வந்து தொலைக்கும்.

புற்றுநோயைப் பிடிக்க நாங்கள் வடிவமைத்த ஏற்பியிலும் அப்படித்தான். விரல் நுனிக்கு நூற்றுக்கு நாற்பத்து மூன்று. நோயாளிக்கு ஏற்ற அனுமதி தரும் குழு பார்க்கப்போகும் படம், பார்க்கச் சகிக்கவில்லை. நீலம் பூசி, எண்பத்தொன்பது என்று போட்டேன். தொண்ணூற்றைந்து போட்டால் பேராசை.

அடுத்த வாரம் என் உதவியாளர் சௌம்யா இன்னொரு படத்தோடு வந்தாள். அதே கை இதயத் தசையையும் பிடிக்கும் என்றது கணினி. மதிப்பெண் அறுபத்தொன்று.

"சார், ஆளுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி லேப்ல ஒருவாட்டி பாத்துடலாம் சார்."

"நிறத்தைப் பாரும்மா, ஆரஞ்சு. கணினிக்கே நிச்சயமில்லை."

தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். அதற்கு மூன்று மாதம் ஆகும். படத்தை டிராயரில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நோயாளி ஆரோக்கியசாமி. திருமுல்லைவாயிலில் எனக்குப் பக்கத்து வீடு, பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்தப் புற்று. இருக்கிற மருந்தில் ஒரு வருடம் தாங்கும் என்றிருந்தார்கள். மகள் ஷாரனுக்குத் தையில் கல்யாணம். கிறிஸ்துமஸ்தோறும் அவர் வீட்டு அச்சு முறுக்கைத் தின்றவன் நான், அதனால் நானே அவரைச் சிபாரிசு செய்தேன். அவருடைய அணுக்களை எடுத்து, எங்கள் ஏற்பியைப் பொருத்தி, திரும்ப ஏற்றுவார்கள். படத்தைக் காட்டினேன்.

"முழுக்க நீலமா கீது. கரெக்டா உக்காருமா நைனா?"

"உட்காரும்."

"ஷாப்புல டவுட்டா கீற பீஸ தனியா எட்த்து வெச்சுருவோம், மெஷின்ல ஏத்த மாட்டோம். நீயே சொல்றப்ப இன்னா."

கையெழுத்துப் போட்டார். ஏற்றிய மூன்றாம் நாள் இதயம் நின்றது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் ஐயா. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவர் மனைவி ரோஸி கொடுத்த போட்டோ மங்கலாக இருந்தது. நான்தான் நிறம் திருத்திக் கொடுத்தேன்.

"உன்னால ஆனத செஞ்ச தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை.

டிராயரில் வைத்த அந்தப் படத்துக்குச் சௌம்யா ஒரு நகல் வைத்திருந்ததும், அதை உங்களிடம் கொடுத்ததும் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். 'ஆபத்து என்று தெரிந்தே' என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்தது நூற்றுக்கு அறுபத்தொன்றுதான். அதைப் போய் நிச்சயம் என்று எழுதுவது நேர்மையாகாது, ஐயா.