பின்பால் மிஷினில் எடுத்த சைபர்

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். முந்திரி உடைத்துக் கறுத்த விரல்கள்.

"அரியலூர் பொருட்காட்சியில பின்பால் மிஷின் ஆடுனேன்க்கா. சைபர் எடுத்தேன்."

"அதையா இவ்வளவு பெருமையா சொல்ற?"

"கேளுங்க. கண்ணாடிக்கு அடியில இரும்புக் குண்டு உருண்டு வரும். பட்டனை அமுக்கி மேல தட்டிவிடணும். கீழ வுழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. முந்திரி உடைக்கிற கை, வுட்டுடுமா? நம்பர் ஏறி ஏறி அஞ்சு எடத்துலயும் ஒம்போது வந்துடுச்சு. அதுக்கு மேல காட்ட மிஷின்ல எடமில்ல, எல்லாம் சைபராயிடுச்சு. அப்பதான் குண்டும் கீழ வுழுந்துச்சு. கடைக்காரரே எழுந்து நின்னுட்டாரு."

"உன் வூட்டுக்காரரு பாத்தாரா?"

"அவரு வந்தப்ப சைபர்தான் நின்னுச்சு. அப்புறம் அவரும் ஆடுனாரு. முந்நூறு."

"சரி."

"என்னைத் தோக்கடிச்சிட்டதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. சொல்லட்டும்க்கா."